முப்பத்தோராம் நாள்

— எங்க இருக்கேன்னு கேட்டேன். ஒரே வார்த்தைல பதில் சொல்லு.

— பஸ்ல.

— எந்த பஸ்ல?

— எப்பவும் போற பஸ்தாங்க. பதினாலாம் நம்பர். இடது பக்கம், ஜன்னலோரம்.

— மேடம், விளையாடற நேரம் இல்ல இது. நான் இங்க எடை மெஷின் மேல நிக்கறேன். 'சரி, இறங்குங்க, அடுத்து உங்க சம்சாரம் ஏறட்டும்'னு கவுண்டர்ல சொல்றாங்க. திரும்பிப் பாக்கறேன். பெட்டி ரெண்டும் இருக்கு, சம்சாரத்தக் காணோம்.

— ஆளையா எடை போடறாங்க? பெட்டிக்குத்தானே போடுவாங்க?

— இது பட்டாளத்து விமானம். பெட்டியும் எடைதான், ஆளும் எடைதான். அதுக்கு எல்லாமே சரக்கு. பேச்ச மாத்தாத. பஸ்ல ஏன் ஏறின?

— தெரியலங்க.

— தெரியலன்னா?

— தெரியலன்னா தெரியலதான். வெளி கேட்ல நின்னோம். தண்ணி பாட்டில் இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னீங்க. பெட்டிகள வண்டில வெச்சுத் தள்ளிட்டு உள்ள போனீங்க. ரெண்டாவது விளக்குக் கம்பம் வந்ததும் திரும்பிப் பாக்காம கையத் தூக்கினீங்க. நான் திரும்பி ரோட்டத் தாண்டினேன். பஸ் வந்துச்சு. ஏறிட்டேன்.

— நீயும்தானே இன்னிக்கு வர்ற!

— ஆமா.

— பட்டியல்ல உன் பேரும் இருக்கு!

— ஆமாங்க, கத்தாதீங்க. பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேக்குது.

— கேக்கட்டும்! புருஷன வழியனுப்பிட்டு வீட்டுக்குத் திரும்பற பொண்டாட்டி ஊர் உலகத்துல ஆயிரம் பேர் இருப்பாங்க. கூடவே பயணம் போக பெட்டியக் கட்டிட்டு வந்து, கேட்டோட அவன வழியனுப்பிட்டுத் திரும்பினவ நீ ஒருத்திதான்.

— பத்தொம்பது வருஷத்துப் பழக்கம். கால் அதுபாட்டுக்குப் போயிடுச்சு. நீங்க கையத் தூக்கினா நான் திரும்பணும். அதுதானே நம்ம ஏற்பாடு?

— நான் எங்க கையத் தூக்கினேன்?

— தூக்கினீங்க.

— தோள்ல பை நழுவுச்சு. இழுத்து விட்டேன்.

— பை இடது தோள்ல இருந்துச்சு. தூக்கினது வலது கை.

— சரி, தூக்கியிருப்பேன்.

— உங்க புகார் பதிவாயிடுச்சு. லைன்ல இருங்க.

— உன் மின்சார ஆபீஸ் பேச்செல்லாம் என்கிட்ட வேணாம். அந்த வேலையத்தான் விட்டுட்டியே.

— பதினோரு வருஷம் ஒரே நாற்காலில உக்காந்து, கரண்ட் இல்லன்னு கத்தறவங்ககிட்ட எல்லாம் அதையேதான் சொன்னேன். நாலு நாள்ல வாய் மறந்துடுமா? அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லுங்க. நான் இல்லன்னு எப்ப கவனிச்சீங்க?

— இப்பத்தான். மெஷின்ல ஏறினப்ப.

— உள்ள போய் எவ்ளோ நேரம் ஆச்சு?

— இருபது நிமிஷம் இருக்கும். இருபத்தஞ்சு.

— இருபத்தஞ்சு நிமிஷமா!

— நீ பின்னாடி வர்றேன்னு நெனச்சேன். உன்கிட்ட பேசிக்கிட்டேதான் இருந்தேன்.

— என்ன பேசினீங்க?

— பாஸ பத்திரமா வெச்சுக்கன்னு சொன்னேன். வரிசை நீளமா இருக்கு, சுவத்துல சாஞ்சு நில்லுன்னு சொன்னேன்.

— நான் என்ன சொன்னேன்?

— ஒண்ணும் சொல்லல. கோவமா இருக்கேன்னு நெனச்சுட்டேன்.

— எதுக்குக் கோவம்னு கேட்டீங்களா?

— தானா ஆறிடும்னு விட்டுட்டேன்.

— ரொம்ப நல்லா இருக்கு. இல்லாதவ கோவத்துக்கே இந்த மரியாதைன்னா, இருக்கறவ கோவத்துக்கு என்ன பண்ணுவீங்களோ.

— இப்ப இறங்கப் போறியா இல்லயா? நல்லாக் கேட்டுக்க. பதினஞ்சு பத்துக்குப் பட்டியல் வாசிப்பாங்க.

— மனுஷங்க சொல்ற மாதிரி சொல்லுங்க.

— மூணு மணி பத்து நிமிஷம். நம்ம வரிசை எண் பதினேழு. வாசிக்கறப்ப ஆள் நேர்ல நிக்கணும். நிக்கலன்னா ஒரே கோடு, அடிச்சிட்டு அந்த இடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. இடம் மிச்சம் இருந்தாத்தான் குடும்பத்த ஏத்துவாங்க. அடுத்த விமானம் பத்து நாள்லயும் வரலாம், ரெண்டு மாசத்துலயும் வரலாம். அங்க குவார்ட்டர்ஸ் சாவி நாளைக்கு சாயங்காலம் வரைக்கும்தான் வெச்சிருப்பாங்க. ரெண்டு பேரும் நேர்ல நின்னு கையெழுத்துப் போடணும். ஒருத்தர் இல்லன்னாலும் வீடு அடுத்த குடும்பத்துக்குப் போயிடும்.

— தெரியும்ங்க.

— ஆறு வருஷம் காத்திருந்து வந்த வீடு அது.

— தெரியும்னு சொல்றேன்ல. இறங்கிட்டேன். நீங்க கத்தினதக் கேட்டு கண்டக்டரே விசில் அடிச்சு நிறுத்திட்டார்.

— எந்த இடம்?

— தண்ணித் தொட்டி ஸ்டாப். எதிர்ப்பக்கம் ஒரு டாக்சி நிக்குது. அண்ணே, பட்டாளத்து விமான நிலையம், வெளி கேட். கொஞ்சம் சீக்கிரம் போங்கண்ணே. ஏறிட்டேங்க.

— இப்ப மணி ரெண்டு இருபத்தெட்டு. நாப்பத்திரண்டு நிமிஷம் இருக்கு. போன வெக்காத, லைன்லயே இரு.

— அது என் வசனம்.

— நீயே வெச்சுக்க. நான் பெட்டிய எடை போட்டுட்டு சுவரோரமா வந்துட்டேன், உன் எடைய ஏறறப்ப போட்டுக்கறாங்களாம். எப்பத்தான் உனக்கு ஞாபகம் வந்துச்சு? நான் கூப்பிட்டப்புறமா?

— இல்ல.

— அப்புறம்?

— மூணாவது ஸ்டாப்ல.

— மூணாவது ஸ்டாப்லயேவா!

— அந்த இடம் வந்தா எப்பவும் கைப்பைக்குள்ள கைய விட்டு வீட்டுச் சாவியத் தொட்டுப் பாப்பேன். நீங்க போற நாள்ல வேற எதையாச்சும் தொலைச்சிடுவேனோன்னு ஒரு பயம். இன்னிக்கும் கைய விட்டேன். சாவி இல்ல. காலைலதானே வீட்டு ஓனர்கிட்ட குடுத்தோம். அப்பத்தான் ஒறச்சுது, திரும்பிப் போக வீடே இல்லன்னு.

— அங்கேயே இறங்க வேண்டியதுதானே? தண்ணித் தொட்டி ஏழாவது ஸ்டாப்!

— ஆமா.

— நாலு ஸ்டாப் என்ன பண்ணின?

— உக்காந்திருந்தேன்.

— சும்மாவா?

— போன மடில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க கூப்பிடறீங்களான்னு.

— எனக்குப் பரீட்சை வெச்சியா?

— பரீட்சையெல்லாம் இல்லங்க. ஆசை. பத்தொம்பது வருஷமா நான்தான் உங்களக் காணோம் காணோம்னு உக்காந்திருக்கேன். ஒரு தடவையாச்சும் என்னைக் காணோம்னு நீங்க தேடணும்னு இருந்துச்சு.

— தேடினேனே.

— எடை மெஷின் சொல்லித் தேடினீங்க.

— அது என் தப்புதான். பின்னாடி வர்றவங்களப் பாத்துப் பழக்கம் இல்ல. பட்டாளத்துல நடக்கறப்ப முன்னாடி போறவன் முதுகத்தான் பாக்கணும். பின்னாடி வர்றவன் தானா வருவான்.

— நான் பட்டாளம் இல்லயே.

— இல்லதான்.

— இன்னொண்ணும் சொல்லிடறேன், சிரிக்கக் கூடாது. இறங்கத் தோணாததுக்கு அது மட்டும் காரணமில்ல. பயமா இருந்துச்சு.

— விமானத்துல ஏறவா?

— விமானத்துக்கு என்னங்க, அது பாட்டுக்குப் பறக்கும். உங்ககூட இருக்க.

— என்னது?

— தொடர்ச்சியா நாம எத்தன நாள் ஒண்ணா இருந்திருக்கோம், சொல்லுங்க.

— பத்தொம்பது வருஷம் ஆச்சு கல்யாணமாகி...

— கல்யாணமாகி ஆச்சு. ஒண்ணா இருந்தது வருஷத்துக்கு முப்பது நாள். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது. அந்த முப்பது நாளும் எனக்கு அத்துப்படி. முதல் அஞ்சு நாள் தூக்கம். அப்புறம் வீட்டுல இருக்கற கதவு, ஜன்னல் எல்லாத்துக்கும் எண்ணெய் போடுவீங்க. பத்தாம் நாளுக்கு மேல நான் பாத்திரம் அடுக்கறது சரியில்லம்பீங்க. இருபதாம் நாள் வாக்குல சிரிக்க ஆரம்பிப்பீங்க, காரணமே இல்லாம. இருபத்தஞ்சுக்கு மேல பேச்சு கொறைஞ்சிடும். முப்பதாம் நாள் தண்ணி பாட்டில். முப்பத்தோராம் நாள் நீங்க எப்படி இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க.

— அப்படியேதான் இருப்பேன்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? முப்பத்தோராம் நாள் நீங்க நாப்பது பேரோட இருந்திருக்கீங்க. என்கூட இருந்ததே இல்லயே.

— சரி, உன் இருபத்தெட்டாம் நாளப் பத்தி நான் சொல்லவா?

— என்ன?

— பரண்லேர்ந்து என் பெட்டிய எறக்கி வெயில்ல காய வெப்ப.

— பூசண வாட அடிக்கும்ங்க.

— நான் மாடிப்படில உக்காந்து அதையே பாத்துட்டிருப்பேன். அழ மாட்ட, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க மாட்ட. துவைக்கறது, மடிக்கறது, அடுக்கறதுன்னு பரபரன்னு இருப்ப. நான் போனா இவளுக்கு நிம்மதி போலன்னு நெனப்பேன். ஒரு வருஷம் இல்ல, பத்தொம்பது வருஷமும் நெனச்சிருக்கேன்.

— அடப் பாவி மனுஷா! ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?

— கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா? அதோட போய் அங்க பதினோரு மாசம் எப்படி இருக்கறது?

— அழக் கூடாதுன்னு சொன்னாங்கங்க.

— யாரு?

— உங்க அக்காதான். கல்யாணமான புதுசுல. 'கேட்ல நின்னு அழாத, அவன் காலக் கட்டிப்போட்ட மாதிரி ஆயிடும். பஸ்ல ஏறி அழு'ன்னாங்க. அதான் ஜன்னலோரம்.

— பஸ்ல அழுவியா?

— முன்னல்லாம். தண்ணித் தொட்டி ஸ்டாப் வரைக்கும். அதுக்கப்புறம் மூஞ்சியத் தொடச்சிக்கிட்டு மனுஷியாயிடுவேன். கண்டக்டருக்கே தெரியும். 'சார் கெளம்பிட்டாரா'ன்னு கேட்டுட்டுத்தான் டிக்கெட்டக் கிழிப்பார். இன்னிக்கும் கேட்டார்.

— நீ என்ன சொன்ன?

— கெளம்பிட்டார்னு சொன்னேன்.

— நல்ல பொம்பளடா சாமி. அப்புறம் வீட்டுக்குப் போய் என்ன பண்ணுவ?

— எப்ப?

— நான் போன நாள்ல. ஒரு நாளும் கேட்டதில்ல, இப்பக் கேக்கறேன்.

— உங்க டம்ளரக் கழுவி மேல் தட்டுல வெப்பேன். தலகாணி உறைய உடனே துவைக்க மாட்டேன், மூணு நாள் விட்டுடுவேன். அப்புறம் மொட்டைமாடிக்குப் போவேன். நாலு மணிலேர்ந்து அஞ்சுக்குள்ள வரிசையா மூணு விமானம் போகும். எதுல நீங்கன்னு தெரியாது. மூணுக்கும் கை காட்டுவேன்.

— மூணுக்குமா?

— உங்களுது தப்பிப் போயிடக் கூடாதுல்ல. ஒரு தடவ சேலைய மாத்தி மஞ்சச் சேலை கட்டிக்கிட்டுப் போனேன், மேலேர்ந்து பாத்தா பளிச்சுன்னு தெரியட்டும்னு. ஒரு தடவையாச்சும் தெரிஞ்சுதா? ஏங்க?

— அதுல ஜன்னல் கெடையாது.

— எதுல?

— இந்த விமானத்துல. ஆள் உக்கார்ற பக்கம் ஜன்னலே இல்ல. ரெண்டு பக்கச் சுவரோரமும் வலை மாதிரி இருக்கை. எதிரெதிரா உக்காந்துக்கணும். நடுவுல சாமான். வெளில எதுவும் தெரியாது. பறக்குதா நிக்குதான்னே தெரியாது.

— இத்தன வருஷமா ஜன்னலே இல்லாததுக்கா கை காட்டிக்கிட்டு நின்னேன்?

— எனக்கு எப்படித் தெரியும் நீ கை காட்டறேன்னு? சொல்லலயே.

— ஜன்னல் இல்லன்னு நீங்களும்தான் சொல்லல.

— சொல்ற விஷயம்னு தோணல.

— நமக்குத் தோணாத விஷயம் இன்னும் என்னென்ன இருக்கோ. இன்னிக்கு அஞ்சு மணி நேரம் பறக்கணுமே, எல்லாத்தையும் பேசிடலாம்.

— அதுவும் முடியாது.

— ஏன்?

— இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. காதுல பஞ்சு அடைச்சுக்கணும். உன் பக்கத்துல உக்கார மாட்டேன், எதிர்ல உக்காந்துக்கறேன். மூஞ்சியாவது தெரியும். ஏதாச்சும் வேணும்னா கையக் காட்டு.

— கைய மட்டும் காட்ட மாட்டேன் சாமி, வாயசைக்கறேன். அய்யோ.

— என்ன?

— டிரைவர் வண்டிய நிறுத்திட்டார். உங்க ஆளுங்கதாங்க. லாரி லாரியா போறாங்க. குறுக்க ஒருத்தர் சிவப்புக் கொடியோட நிக்கறார்.

— எத்தன லாரி?

— எனக்கு என்ன தெரியும்? இங்கேர்ந்து பாத்தா வாலே தெரியல.

— பட்டாளத்து வண்டி வரிசைல நடுவுல புகுந்து போக விட மாட்டாங்க. கடைசி வண்டி போற வரைக்கும் நிறுத்திடுவாங்க. அரை மணி கூட ஆகும். எங்க நிக்கற?

— தீயணைப்பு நிலையம் பக்கத்துல.

— இறங்கிடு. வலது பக்கம் கம்பி வேலி தெரியுதா? அதையொட்டி ஒரு மண் பாதை போகும். நேரா கேட்டுக்கு வந்துடலாம். இப்ப மணி ரெண்டு நாப்பத்தொம்பது. உன் நடைக்குப் பதினஞ்சு நிமிஷம்.

— உங்க நடைக்கா என் நடைக்கா?

— என் நடைக்கு ஒம்போது.

— சரி, இறங்கிட்டேன். நல்லவேளை, கைல பாரம் இல்ல. வேலியப் பிடிச்சுக்கிட்டே நடக்கறேன். அந்தப் பக்கம் உங்க விமானம் நிக்குது, தெரியுது. இவ்ளோ அசிங்கமாவா இருக்கும்? மேல பாக்கறப்ப அழகா இருக்குமே.

— பேசாம நட. மூச்சு வாங்கும்.

— பேசினாத்தான் நடக்க முடியும். பொண்ணுகிட்ட என்ன சொல்றது? நாம ஏறினதும் கூப்பிடச் சொன்னா ஹாஸ்டல்லேர்ந்து. அம்மா பஸ் ஏறிட்டாங்கன்னு சொன்னா காலேஜே சிரிக்கும்.

— சிரிக்க மாட்டா. அவளுக்குப் புரியும்.

— ஆமா, அவளுக்குத்தான் புரியும். ரெண்டாங் கிளாஸ்ல ஒரு படிவம் குடுத்தாங்க, ஞாபகம் இருக்கா? உங்களுக்கு எப்படி இருக்கும், நீங்க அங்க இருந்தீங்க. தாய் என்ன செய்கிறார்னு ஒரு கட்டம். மின்சார ஆபீஸ்னு எழுதினா. தந்தை என்ன செய்கிறார்னு அடுத்த கட்டம். அதுல 'வருவார்'னு எழுதியிருந்தா.

— ...வருவார்னா?

— வருவார். அவ்ளோதான். டீச்சர் என்னைக் கூப்பிட்டு இது தப்புன்னாங்க. எனக்குத் தப்பாத் தெரியலன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

— அதையும் நீ சொல்லல.

— முப்பது நாள்ல எத சொல்றது, எத விடறது?

— இனிமே சொல்லு. தெனம் ஒண்ணு சொன்னாலும் போதும். ஒண்ணு சொல்லவா? எனக்கும் பயம்தான்.

— உங்களுக்கா?

— வீடுன்னா ராத்திரில சத்தமே இருக்காதுல்ல. நாப்பது பேர் குறட்டைல தூங்கிப் பழக்கம். லீவுல வர்றப்ப முதல் அஞ்சு நாள் தூங்கறேன்னு சொன்னியே, தூங்க மாட்டேன். கண்ண மூடிப் படுத்திருப்பேன். நீ ஓசைப்படாம நடப்ப. நீ நடக்கறதையே கேட்டுக்கிட்டிருப்பேன்.

— அஞ்சு நாளும் முழிச்சிருந்தீங்களா? நான் ஒரு டம்ளரக் கூட சத்தமா வெக்காம செத்தேனே!

— அதான் கேக்க நல்லா இருந்துச்சு. இன்னொண்ணு இருக்கு. சொன்னா நீதான் சிரிப்ப.

— சொல்லுங்க. மண் பாதைல தனியா வர்றேன், சிரிச்சாலும் கேக்க ஆளில்ல.

— பட்டியல் வாசிக்கறப்ப மொத்தம் எத்தன பேர்னு கேப்பாங்க. பத்தொம்பது வருஷமா இந்தக் கூடத்துல நின்னு ஒரே பதில்தான் சொல்லியிருக்கேன். தனி ஆள், சார். இன்னிக்கு மாத்திச் சொல்லணும்ல? ரெண்டு பேர், சார். நேத்து குளிக்கறப்ப நாலு தடவ சொல்லிப் பாத்தேன்.

— அந்தச் சத்தம் அதானா! நான் குழாய்கிட்ட சண்ட போடறீங்கன்னு நெனச்சேன். எங்க, ஒரு தடவ சொல்லுங்க.

— இங்க ஆளுங்க இருக்காங்க.

— மெதுவாத்தான்.

— ரெண்டு பேர், சார்.

— இன்னொரு தடவ.

— ரெண்டு பேர், சார். போதுமா? எதிர்ல உக்காந்திருக்கற கெழவர் என்னை ஒரு மாதிரி பாக்கறார்.

— பாக்கட்டும். ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. ஒரு சத்தியம் பண்ணுங்க. இனிமே எனக்கு முன்னாடி நின்னுக்கிட்டு கையத் தூக்காதீங்க. நீங்க தூக்கினா என் கால் நிக்காது.

— தூக்க மாட்டேன்.

— பழக்கம் அவ்ளோ சீக்கிரம் விடாது.

— மேடம், பழக்கதோஷத்துல பஸ் ஏறினது நீ, நான் இல்ல. பட்டாளத்துல சொல்லித் தர்ற முதல் பாடமே என்ன தெரியுமா? கூட வந்தவங்க எத்தன பேர், இருக்கறவங்க எத்தன பேர், எண்ணிக்கிட்டே இருக்கணும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்.

— இருபத்தஞ்சு நிமிஷம் எண்ணினீங்களே, பாத்தோமே.

— அத விட மாட்டியா நீ?

— முப்பத்தோராம் நாளும் சொல்லுவேன். கேட் வந்துடுச்சு. லைன்ல இருங்க. சார், இந்தாங்க பாஸ்.

— மணி மூணு அஞ்சு. என்ன கேக்கறார்?

— யாரைப் பாக்கணும்னு கேக்கறார். யாரையும் பாக்க வரல சார், நானும் போறதுக்குத்தான் வந்திருக்கேன்.

— என் சர்வீஸ் நம்பரச் சொல்லு.

— சொல்லியாச்சு, பாக்காமலே. பாஸ்ல பாருங்க, என் படத்துக்குக் கீழ 'சார்ந்திருப்பவர்'னு போட்டிருக்கு. கேஸ் சிலிண்டர் மாத்தினது நான், குழாய் ரிப்பேர் பாத்தது நான், பொண்ணுக்கு சைக்கிள் கத்துக்குடுத்து முட்டியப் பேத்துக்கிட்டது நான். யாரைங்க நான் சார்ந்திருந்தேன்?

— அத அப்புறம் கேளு! அவர் விட்டாரா இல்லயா?

— விட்டுட்டார். சல்யூட்டே அடிச்சார். முதல் கம்பம் தாண்டிட்டேன்.

— ரெண்டாவதுல நிக்காத. நேரா வா. பச்சக் கதவு.

— ரெண்டாவது கம்பமும் தாண்டிட்டேங்க. கேட்டுக்கு இந்தப் பக்கம் நான் வந்ததே இல்ல.

— பச்சக் கதவு, பச்சக் கதவு.

— தள்ளறதா இழுக்கறதா? தொறந்துடுச்சு. அப்பாடி. உங்க முதுகு தெரியுது. காலர் உள்ள மடிஞ்சிருக்கு.

— அங்கேர்ந்து போன்ல பேசாத. வந்து என் பின்னாடி நில்லு. சார்ஜெண்ட் பட்டியலோட வந்துட்டார்.

— வந்துட்டேன். இருங்க, காலர எடுத்து விடறேன்.

— உன் மூச்சு கழுத்துல படுது.

— ஓடி வந்தேன்ல. தள்ளி நிக்கட்டுமா?

— வேணாம். அப்படியே நில்லு. இப்பத்தான் நாம ரெண்டு பேர்ங்கற நெனப்பே வருது.

— அமைதி! போன் வெச்சிருக்கறவங்க அணைச்சு உள்ள போடுங்க. நம்பர் வாசிப்பேன். ஆள் இருந்தா பதில், மொத்தம் எத்தன பேர்னு ஒரே வார்த்தை. ரெண்டாவது தடவ கேக்க மாட்டேன். பதினாலு வரைக்கும் ஏத்தியாச்சு. பதினஞ்சு?

— பிரசெண்ட், சார். மூணு பேர்.

— பதினாறு? பதினாறு இல்லயா? அடிச்சாச்சு.

— அடுத்தது நம்மதுங்க.

— தெரியும், தெரியும். பேசாம இரு.

— பதினேழு?

— பிரசெண்ட், சார்! தனி ஆள், சார்!

— தனி ஆள். பதினெட்டு?

— ஏங்க... மறுபடியும் கையத் தூக்கிட்டீங்க. நான் நிக்கட்டுமா, போகட்டுமா?